உருளாத பாறை... உருண்ட பசங்க!

மாமல்லபுரம் போகாத காலேஜ் டூர் பஸ் உண்டா மக்களே? 'வெண்ணெய் உருண்டை'யை ஒத்தைக் கையில தாங்குற மாதிரி ஒரு போட்டோ... நாம எல்லாருமே எடுத்திருப்போம். ஆனா, "கொஞ்சம் லெஃப்ட்ல நில்லுங்க பாஸ்"னு ஆங்கிள் சொல்லி அதை எடுத்துக் கொடுத்த பையன், கொரோனா காலத்துல என்ன ஆனான்?

கொஞ்சம் ரீவைண்ட் பண்ணுவோம். 2019 அக்டோபர் 11. பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அதே பாறை முன்னாடி கைகோத்து நின்னாங்க. உலக டி.வி. எல்லாத்துலயும் மாமல்லபுரம்! கைடு, சிற்பக் கூடம், சங்கு - சிப்பிக் கடை, சர்ஃபிங் கோச்னு அங்கே பிழைக்கிற பசங்க ஏகப்பட்ட கனவோட இருந்தாங்க. கனவுக்கு ஆயுசு அஞ்சே மாசம். 2020 மார்ச் 17-ல் நாடு முழுக்க நினைவுச் சின்னங்களைத் தொல்லியல் துறை மூடிச்சு. அடுத்த வாரமே ஊரடங்கு!

2019-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர். 2020-ல் அது 27 லட்சம். 2021-ல் வெறும் 15 லட்சம். குளிர் கால சீசன்ல சம்பாதிச்சு, மீதி மாசங்களை ஓட்டுறவங்களுக்கு இது வெறும் நம்பர் இல்லை, சாப்பாடு!

சரி, உதவி வரலையான்னு கேட்பீங்க. 2021 ஜூன்ல மத்திய அரசு ஒரு திட்டம் அறிவிச்சது. சுற்றுலா ஏஜென்சிக்கு 10 லட்சம் வரை, லைசென்ஸ் உள்ள கைடுக்கு 1 லட்சம் வரை. ஆனா அது கடன்! அதுவும் கையில லைசென்ஸ் இருந்தாத்தான். போட்டோ எடுக்கிற, பாசிமணி விக்கிற, லாட்ஜ்ல பெட்ஷீட் மாத்துற பையன்கிட்ட என்ன பேப்பர் இருக்கு? நம்ம சீனியர்களுக்கு அந்த வருஷம் ஜாயினிங் தேதி தள்ளிப்போனப்போ நொந்துபோனாங்க. தள்ளிப்போகவாவது அவங்ககிட்ட ஒரு ஆஃபர் லெட்டர் இருந்துச்சே!

அப்புறம் ஒரு ட்விஸ்ட். 2021-22-ல், டிக்கெட் வாங்கிப் பார்க்கிற நினைவுச் சின்னங்கள்ல வெளிநாட்டுக்காரங்க அதிகம் வந்தது மாமல்லபுரத்துக்குத்தான்: 1,44,984 பேர். தாஜ்மஹாலுக்கு 38,922 பேர்! ஊரே காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஆனா அதுக்குள்ள டெலிவரி பைக்குக்கும் ஃபேக்டரி ஷிஃப்ட்டுக்கும் மாறினவங்களும் உண்டு. கூட்டம் திரும்பி வந்தா, போனவங்களும் திரும்பி வந்துடுவாங்களா என்ன? மாசா மாசம் சம்பளம் வர்ற வேலையை விட்டுட்டு, மறுபடி சீசனை நம்பி நிக்க எவனுக்குத் தைரியம் வரும்? 2024-ல்கூட இந்தியாவுக்கு வந்தவங்க 99.5 லட்சம்தான். பழைய கணக்கை இன்னும் தொடலை!

நாம என்ன பண்ண முடியும்? ரெண்டே விஷயம். ஒண்ணு, 150 ரூபாய் பீட்சாவுக்குப் பேரம் பேசாத நாம, 50 ரூபாய் போட்டோவுக்கும் பேச வேணாம். ரெண்டு, அமைப்புசாரா தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'இ-ஷ்ரம்' பதிவு இலவசம். 16 முதல் 59 வயசு வரை சேரலாம். பதிவு செஞ்ச உடனே பணம் கொட்டாது. ஆனா, 'இப்படி ஒருத்தன் இந்த வேலை பார்க்கிறான்'னு அரசாங்கத்துக்கிட்ட ஒரு கணக்கு இருக்கும். அடுத்த டூர்ல உங்க போட்டோ பையன்கிட்ட கேளுங்க. பதியலைன்னா, உங்க ஸ்மார்ட்போன்ல பத்து நிமிஷம் அவனுக்காக ஒதுக்குங்க.

அந்தப் பாறை ஆயிரம் வருஷத்துக்கும் மேல சரிவுல உருளாம நிக்குது. அதை நம்பி நிக்கிறவங்களுக்கும் ஒரு பிடிமானம் வேணாமா பாஸ்?