தண்டவாளத்து ஓரக் கீரை

மும்பை மின்சார ரெயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி அது. தண்டவாளத்தை ஒட்டிப் பச்சைப் பசேலென்று பாலக், தண்டுக்கீரை, வெண்டைப் பாத்திகள். சும்மா கிடந்த நிலத்தை உணவுப் பெருக்கத் திட்டத்தின் கீழ் ரெயில்வே தன் ஊழியர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. நிலத்தில் ஆக்கிரமிப்பு விழவில்லை. ஏழைகளுக்கும் மலிவாகக் கீரை கிடைத்தது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பல பாத்திகளுக்குப் பாய்ந்தது பக்கத்து நாலாவின் சாக்கடை நீர். அதில் பட்டறைக் கழிவும் கலக்கிறது. கிருமி என்றால் வேகவைத்தால் சாகும். ஈயம், காட்மியம் போன்றவை இலைக்குள் ஏறிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஈயத்தால் அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகள். கூடைக்காரியிடம் பேரம் பேசி வாங்கும் தாய்க்கு, அது எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று எப்படித் தெரியும்?

கொல்கத்தாவின் கிழக்கே சாக்கடை நீரை ஆழமில்லாத குளங்களில் தேக்கி, வெயிலில் தெளியவிட்டு மீன் வளர்க்கிறார்கள். 2002-ல் அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இடநெருக்கடி மிகுந்த மும்பையில் அதற்கு வழியில்லை.

அதற்காகப் பாத்திகளையே அழித்து, பாடுபடுகிறவன் வயிற்றில் அடிக்க வேண்டியதில்லை. சுத்திகரித்த நீரோ கிணற்று நீரோ கிடைக்க ரெயில்வேயும் மாநகராட்சியும் வழி செய்ய வேண்டும். கீரையைச் சோதித்து, முடிவை ரெயில் நிலையங்களில் எழுதிப் போட வேண்டும். நல்ல தண்ணீர் தர முடியாத இடத்தில் செண்டுமல்லி போடட்டும். தாதர் பூச்சந்தையில் அதற்கும் கிராக்கி உண்டு.