'என் மெஷின்ல ஓடுதே சார்!'

புராஜெக்ட் வைவாவில் இந்த வசனத்தை நாங்களும் பேசியவர்கள்தான். ராத்திரி இரண்டு மணி வரை ஹாஸ்டலில் ஜோராக ஓடிய புரோகிராம், மறுநாள் லேபில் எக்ஸ்டர்னல் முன்னால் 'கேனாட் ஃபைண்ட் மாட்யூல்' என்று கையை விரித்துவிட்டது. லேப் கம்ப்யூட்டர்தான் சரியில்லை என்று சாதித்தோம். தப்பு எங்களுடையது நண்பர்களே!

நோட்.ஜேஎஸ் புராஜெக்டில் பேக்கேஜ்.ஜேசன் என்றொரு ஃபைல் உண்டு. புரோகிராம் ஓட எந்தெந்த பேக்கேஜ் வேண்டும் என்று எழுதிவைக்கும் பட்டியல். கல்யாணச் சமையல்காரர் தரும் மளிகை லிஸ்ட் மாதிரி. எங்கள் லிஸ்டில் 'டாட்என்வ்' இல்லை. என்றோ ஒரு நாள் புராஜெக்டுக்கு மேல் ஃபோல்டரில் இருந்துகொண்டு இன்ஸ்டால் அடித்திருக்கிறோம். நோட் தன் ஃபோல்டரில் தேடும். இல்லாவிட்டால் மேல் ஃபோல்டர், அதற்கும் மேல் என்று ஏறிப்போய் எடுத்துவிடும். பக்கத்து வீட்டுப் பெருங்காயத்தில் சாம்பார் வைத்துவிட்டு, லிஸ்ட் சரியென்று நினைத்திருந்தோம்!

'பாடி-பார்சர்' கதையும் இதேதான். எக்ஸ்பிரஸ் போட்டால் அதுவும் கூடவே வந்துவிடும். லிஸ்டில் எழுதாமலே கூப்பிடலாம், ஓடும். பிஎன்பிஎம்-க்கு மாறிப் பாருங்கள், அங்கே நிற்கும்.

எர்ரர் வந்தால் சீனியர்கள் சொல்லும் வைத்தியம், "ஃபோர்ஸ் போடுடா." 2020-ல் வந்த என்பிஎம் 7 முதல், பேக்கேஜ்களின் வெர்ஷன் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் இன்ஸ்டால் நின்றுவிடும். அதை ஃபோர்ஸ் போட்டுத் தாண்டுவது, ஃபியூஸ் போன இடத்தில் தடிமனான கம்பியைக் கட்டுகிற வேலை. எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வெர்ஷன் இடத்தில் நட்சத்திரக் குறி போடுவதும் அப்படியே. இன்று எது வந்து விழும், அடுத்த மாதம் எது விழும், யாருக்குத் தெரியும்?

சரியான வழியில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கோடில் கூப்பிட்டிருக்கிற ஒவ்வொரு பெயரும் லிஸ்டில் இருக்கிறதா பார்க்கணும். இல்லாததை புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் இன்ஸ்டால் செய்தால், 2017-ல் வந்த என்பிஎம் 5 முதல் அதுவே லிஸ்டில் எழுதிக்கொள்ளும். பிறகு நோட்_மாட்யூல்ஸ் இல்லாமல், லாக் ஃபைலோடு வேறொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய் 'என்பிஎம் சிஐ' கொடுக்கணும். லாக் ஃபைலும் லிஸ்டும் ஒத்துப்போகாவிட்டால் அது மறுத்துவிடும்.

ரெக்கார்ட் நோட்டில் மார்ஜின் கோணலானால் மார்க் போகிறது. வெறும் கம்ப்யூட்டரில் புராஜெக்ட் எழுந்து நிற்கிறதா என்பதற்கு மார்க்கே இல்லை! வைவாவின் முதல் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கணும், ஐந்து மார்க்காவது தரணும் என்பது என் தாழ்மையான கருத்து.

அன்று எக்ஸ்டர்னல் சிரித்துக்கொண்டே அரைமணி நேரம் கொடுத்தார். லிஸ்டில் நாங்கள் சேர்த்தது ஒரே ஒரு வரி.