தோற்கப் போகிறவரின் பிரசாரம்

தோல்வி நிச்சயம் என்று தெரிந்த பின்னும் ஒருவர் தலைமைப் பதவிக்குப் போட்டியிடலாமா? "எதற்கு இந்த வீண் வேலை?" என்பதே நம்மில் பலரது பதில். 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் பதவிக்குத் திரு. சசி தரூர் நின்றபோதும் இதைத்தான் சொன்னார்கள். அந்த வேலை வீண் அன்று என்பது என் கட்சி. அவருடைய கொள்கைகளில் எனக்கு ஈடுபாடு உண்டா என்பது வேறு விஷயம்.

திரு. ராகுல் காந்தி போட்டியிட மறுத்துவிட்டார். எதிர்பார்க்கப்பட்ட திரு. அசோக் கெலாட், ராஜஸ்தானில் எழுந்த குழப்பத்துக்குப் பிறகு விலகிக்கொண்டார். மனுத் தாக்கலின் கடைசி நாளில் எண்பது வயதான திரு. மல்லிகார்ஜுன கார்கே களமிறங்க, மூத்த தலைவர்கள் பலர் அவரை முன்மொழிந்தனர். மேலிடத்தின் வேட்பாளர் என்று எவரும் இல்லை என அறிவித்தார்கள். ஆயினும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அறியாத பிரதிநிதி ஒருவரேனும் இருந்திருப்பாரா?

அத்தேர்தலில் வாக்குரிமை பெற்றவர்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பிரதிநிதிகள் மட்டுமே. சாதாரண உறுப்பினருக்கு அதில் இடமில்லை. அந்தப் பிரதிநிதிகளின் பட்டியலாவது தரூருக்கு முழுமையாகக் கிடைத்ததா? முதலில் கிடைத்த பட்டியலில் பலருக்குத் தொலைபேசி எண்ணே இல்லை என்று அவர் முறையிட்டார். வாக்காளர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் வாக்குக் கேட்பது எங்ஙனம்? பல மாநிலங்களில் கமிட்டித் தலைவர்கள் கார்கேயை வரவேற்றுக் கூட்டம் கூட்டினார்கள். தரூர் போனபோது அவர்களைக் காணவில்லை. சென்னை சத்தியமூர்த்தி பவனுக்கு அவர் வந்த அன்று வந்திருந்த பிரதிநிதிகள் மிகச் சிலரே. விருந்தோம்பலுக்குப் பேர்போன ஊர் நம்முடையது!

பரிசோதனைச் சாலையில் பொழுதைக் கழிக்கும் எனக்கு இன்னொரு செய்தி சுவையாக இருந்தது. விரும்பும் வேட்பாளரின் பெயருக்கு எதிரே '1' என்று எழுதவேண்டும் என்பது முதல் ஏற்பாடு. சீட்டில் முதற்பெயர் கார்கேயினுடையது. '1' என்றால் முதல் பெயர்தான் என்று சிலர் மயங்கக்கூடும் எனத் தரூர் தரப்பு ஆட்சேபித்தது. கடைசி நேரத்தில் அதை 'டிக்' குறியாக மாற்றினார்கள். எந்த மாநிலம் எவருக்கு வாக்களித்தது என்று தெரியாதபடி, எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்த பிறகே எண்ணினார்கள். போட்டியே இல்லையென்றால் இவற்றைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

அக்டோபர் 19-இல் முடிவு வந்தது. கார்கேக்கு 7,897, தரூருக்கு 1,072, செல்லாதவை 416. படுதோல்விதான். ஆனால் 2000-இல் திருமதி சோனியா காந்தியை எதிர்த்து நின்ற ஜிதேந்திர பிரசாதா பெற்றவை வெறும் 94 வாக்குகள்! நூற்றுக்கு ஒன்றாக இருந்த மறுப்புக் குரல், இருபத்திரண்டு ஆண்டுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டாகியிருக்கிறது. அந்த ஆயிரம் பேருக்கும் அதனால் ஒரு பதவியும் கிடைக்கப்போவதில்லை. தரூர் நின்றிராவிட்டால் அப்படி ஆயிரம் பேர் இருப்பது கட்சிக்கே தெரிந்திராது.

போட்டி பிளவைக் கொண்டுவரும் என்பார்கள். 1939-ஐ எடுத்துக்காட்டுவார்கள். சுபாஷ் சந்திர போஸ் பட்டாபி சீதாராமையாவை வென்று, மூன்றே மாதத்தில் ராஜிநாமாச் செய்ய நேர்ந்தது உண்மை. அது போட்டியின் குற்றமா, முடிவை ஏற்க மனமில்லாதவர்களின் குற்றமா? 2023 ஆகஸ்டில் கார்கே தம்மை எதிர்த்த தரூரையே காரியக் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார். வானம் இடிந்து விழவில்லை.

நம் மாநிலத்துச் சங்கதி என்ன? அதே 2022 அக்டோபரில், 9-ஆம் தேதி, தி.மு.க. தலைவராகத் திரு. மு.க. ஸ்டாலின் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023 மார்ச்சில் அ.தி.மு.க. பொதுச் செயலாளராகத் திரு. எடப்பாடி பழனிசாமியும் போட்டியின்றியே. அங்கே போட்டியிட விரும்புகிறவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய, பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும் என்று விதி. வாசலைப் பூட்டிவிட்டு, "யாருமே வரவில்லை" என்றால் எப்படி? இருவருக்கும் பெரும்பான்மை ஆதரவு இருந்திருக்கலாம். அதை எண்ணிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து நாம் நடத்தும் சங்கத்திலும் 'ஏகமனதாக' என்ற சொல்லுக்குத்தான் கைதட்டுகிறோம். வரும் தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்னதாக உறுப்பினர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என்றும், ஒரே ஓர் உறுப்பினர் முன்மொழிந்தாலும் மனுவை ஏற்கவேண்டும் என்றும் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.