மாணவர் கை படாம டாக்டர் எங்கேர்ந்து வருவார்?

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன்ல ஒரே புலம்பல். "கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நாயைக் கூட்டிட்டுப் போனேன்யா. நாலு பசங்க சுத்தி நின்னு ஆளாளுக்குத் தொட்டுப் பாக்கறாங்க. என் நாய் என்ன சோதனை எலியா?" நம்ம பதிவர்கள் சிலரும் இதே பாட்டைப் பாடியாச்சு. இனிமே சும்மா இருக்க முடியல.

மக்களே, அது கல்லூரி ஆஸ்பத்திரி. மாணவர்கள் இல்லாம வேற யார் இருப்பாங்க? ஐந்தரை வருஷப் படிப்பு, அதுல கடைசி ஒரு வருஷம் முழுக்கப் பயிற்சி. வேப்பேரிக் கல்லூரி 1903-ல் ஆரம்பிச்சது. நாட்டின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகமே 1989-ல் தமிழ்நாட்டில்தான் வந்தது. உங்க தெருமுனை டாக்டரும் இப்படி ஒரு மேஜை பக்கத்துல நின்னு கத்துக்கிட்டவர்தான். படத்தைப் பார்த்து மட்டும் மாட்டுக்குப் பிரசவம் பார்க்க முடியுமா?

"ஒரே கேள்வியை மூணு பேர் கேக்கறாங்க" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதுக்கு என் கதையே பதில்.

என் பூனைக்கு உடம்பு சுட்டது. மேதாவி நான், அரை பாராசிட்டமால் கொடுத்தேன். மறுநாள் முகம் வீங்கி, ஈறு பழுப்பாயிடுச்சு. தூக்கிட்டு ஓடினேன். "மருந்து ஏதும் கொடுத்தீங்களா?" இல்லைன்னேன். இன்னொருத்தர் கேட்டார். அப்பவும் இல்லைன்னேன். வெட்கம்! மூணாவதா ஒரு பயிற்சி மாணவி, மெதுவா, "அண்ணா, வீட்ல இருக்கற காய்ச்சல் மாத்திரை ஏதாவது..?"

உண்மையைச் சொன்னேன். அந்தப் பொண்ணு பேராசிரியர்கிட்ட ஓடுச்சு. பூனையோட கல்லீரலால அந்த மருந்தைச் சமாளிக்க முடியாதாம்; ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கற சக்தியையே இழந்துடுமாம். உடனே முறிவு மருந்து ஏத்தினாங்க. பிழைச்சுது. அந்த மூணாவது கேள்வி இல்லைன்னா?

ஆஸ்பத்திரிகளையும் கேட்கணும். யார் பேராசிரியர், யார் மாணவர்னு முதல்லயே தமிழ்ல சொல்லுங்க. தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. அது உரிமையாளருக்குத் தர வேண்டிய மரியாதை.

ஆனா வீட்ல கைவைத்தியம் பார்த்துட்டு, உயிர் ஊசலாடும்போது கொண்டுபோய்ப் போட்டு, மாணவரைத் திட்டறது அநியாயம். வாயில்லா ஜீவன் பொய் சொல்லாது. பொய் சொன்னது நான்.

டிஸ்கி: பூனை நலம். மாத்திரை டப்பா இப்ப பூட்டின அலமாரியில்.