பேறுகாலப் பையும் சகுனமும்

ஏழாம் மாதம் தொடங்கியதும் தாய்வீட்டார் பலகாரம் சுமந்து வருவார்கள். பெண்ணை அழைத்துச் செல்வார்கள். விருந்துக்கு நம் வீடுகளில் குறைவில்லை. ஆனால் மருத்துவமனைக்கு ஒரு பையைக் கட்டி வைப்போம் என்றால், "பிறக்குமுன்னே பிள்ளைக்குத் துணி எடுத்து வைக்கக் கூடாது" என்று ஒரு மூத்த குரல் தடுத்துவிடும். அந்தக் 'கூடாது' மார்க்கத்தின் சொல் என்றே பலரும் எண்ணுகின்றனர்.

எங்கள் மூத்த பிள்ளையின் பேறுகாலத்தில் நாங்களும் அதற்குப் பணிந்தோம். தஹஜ்ஜுத் வேளையில் வலி கண்டது. இரண்டு சேலை, ஒரு ஃபிளாஸ்க், யாசீன் கிதாபு என்று கையில் அகப்பட்டவற்றை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு ஓடினோம். பரிசோதனைக் குறிப்புகள் எழுதப்பட்ட தாய்சேய் அட்டையோ வேறோர் ஊரில், எங்கள் வீட்டு பீரோவில் பூட்டிக் கிடந்தது. இரத்தப் பிரிவு என்ன, சர்க்கரை எவ்வளவு என்று செவிலியர் கேட்டார். பிள்ளைகளுக்குத் தவக்குல் பாடம் நடத்துவது எங்கள் பணி; அன்று பதில் சொல்ல வாயில்லை. வலியில் துடித்தவரிடமே கேட்டு எழுதினார்கள். மீண்டும் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினர். அந்த நாணம் மட்டும் இன்றும் நீங்கவில்லை.

சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்திருக்கிறார்கள்; அதை ஷிர்க்குடன் சேர்த்து எச்சரித்தும் இருக்கிறார்கள். மடித்து வைத்த துணி ஒரு குழந்தையின் விதியை மாற்றிவிடும் என்று அஞ்சுவது தவக்குல் ஆகாது. மர்யம் (அலை) அவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். துணைக்கு எவருமின்றிப் பேரீச்ச மரத்தடியில் வலியால் தவித்த அவருக்கு அல்லாஹ் கீழே நீரோடையையும் மேலே கனிந்த பழங்களையும் தந்தான். ஆயினும் மரத்தை உலுக்கும் வேலையை அவரிடமே விட்டான்.

ஆகவே முப்பத்தாறாம் வாரத்திற்குள் பை தயாராகட்டும். முதலில் அதற்குள் போகவேண்டியது காகிதங்கள்: தாய்சேய் அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ஆதார், காப்பீட்டு அட்டை. தமிழ்நாட்டில் இருப்போர் பிக்மி எண்ணையும் குறித்து வையுங்கள். பிறப்புப் பதிவுக்கு அது வேண்டும். தாய்க்கு முன்புறம் திறக்கும் தளர்வான நைட்டிகள், பெரிய அளவு நாப்கின்கள், ஊசி குத்தாமல் அணியக்கூடிய தலைமறைப்பு. சத்ரைப் பேண விரும்பும் பெண்ணுக்கு அந்தக் கடைசிப் பொருள் எவ்வளவு ஆறுதல் என்பதை ஆண்கள் அறிவதில்லை. குழந்தைக்குத் துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணிகளும் தொப்பியும் போதும். தேன் புட்டி வேண்டாம். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்து என்றே மருத்துவர்கள் சொல்கின்றனர். தஹ்னீக் செய்ய விரும்புவோர் பேரீச்சம்பழம் பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளட்டும்.

இவற்றைக் கட்டுவது மாமியார் பாடு, உம்மா பாடு என்று கணவர் ஒதுங்குவது நமக்கு உடன்பாடில்லை. எந்தப் பையில் எது இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்திற்கு இரத்தம் தரக்கூடிய இருவரின் எண்கள் அவரது கைப்பேசியில் இருக்க வேண்டும். வலி கண்டவளிடம் "அட்டை எங்கே?" என்று கேட்பது கொடுமை.

இரண்டாம் பேறுகாலத்தில் ஒன்பதாம் மாதத் தொடக்கத்திலேயே பையைக் கட்டினோம். முன்பு தடுத்த அதே மூதாட்டி ஒருநாள் வந்தார். தம் பழைய வாயில் சேலையைக் கிழித்து, துவைத்து உலர்த்தி மடித்த துண்டுகளைப் பையின் மேலே வைத்துவிட்டு, பிஸ்மி சொல்லி ஜிப்பை மூடினார்.