எடை போட்டு அள்ளிய குப்பை

காலையில் மாநகராட்சியின் பேட்டரி வண்டி சென்னை அபிராமபுரத்துத் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே அதன் பாட்டு வந்துவிடும். மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலம். ஆனால் பல அடுக்குமாடி வாசல்களில் வண்டிக்குக் காத்திருப்பது முடிச்சுப் போட்ட ஒரே பை. காபித்தூள் சக்கை, மென்று துப்பிய முருங்கைக்காய், மீந்துபோன சாம்பார், பால் கவர், ஆன்லைனில் பொருள் வந்த அட்டைப்பெட்டி எல்லாம் அதற்குள் ஒன்றாக ஊறிக் கிடக்கும். சாம்பாரில் நனைந்த அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார். காலையில் காசுக்குப் போகும் நிலையில் இருந்த பொருள், மாலைக்குள் குப்பையாகிவிடுகிறது.

குப்பையைப் பிரிக்கும் பாடம் சென்னைக்குப் புதிதல்ல. வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் 1989-இல் எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பைத் தொடங்கினார். ஒரு தெருவின் குடும்பங்கள் ஒன்றுகூடி மாதம் சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியுடன் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டன. அவருக்கு ‘ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்’ என்று மரியாதையான பெயர். இவர்களில் பலர் அதுவரை குப்பைத்தொட்டிகளில் பொறுக்கிப் பிழைத்தவர்கள். தெருவுக்கு அவரைத் தெரியும். எந்த வீட்டுக் குப்பை எப்படி வருகிறது என்று அவருக்கும் தெரியும். எந்தப் பிரசாரத் தட்டியும் இந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது.

2000-இல் தென்சென்னைப் பகுதிகள் உட்பட மூன்று மண்டலங்களின் குப்பை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் போனது. தெருக்கள் பளிச்சென்று ஆயின என்பதை மறுக்க முடியாது. ஆனால் கூலி டன் கணக்கில். குப்பை எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு வருமானம் என்றால், பிரித்துக் கொடுங்கள், குறைத்துக் கொடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் யார் போய்ச் சொல்வார்கள்? தெருக்காரர்கள் பத்தாண்டுகளாகப் பழக்கிவந்த பிரிப்பு தளர்ந்துபோனதற்கு அந்த ஒப்பந்த முறை ஒரு முக்கியக் காரணம்.

தென்சென்னையின் குப்பை சென்று சேர்ந்த இடம் பெருங்குடிக் கிடங்கு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக்கின் அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். 2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்து, புகை நாள்கணக்கில் அடங்கவில்லை. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணைக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது.

நம்பிக்கை தருவது சென்னையை அடுத்த பம்மல். அங்கே ஸ்ரீ சங்கரா நகரில் 1994-இல் சில பெண்கள் மகளிர் மன்றமாகச் சேர்ந்து, வீடு வீடாகப் போய்ப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மக்கும் குப்பையை மண்புழு உரமாக்கி விற்றார்கள். மங்களம் பாலசுப்பிரமணியம் முன்னின்று நடத்திய அந்த முயற்சி, ‘எக்ஸ்னோரா கிரீன் பம்மல்’ என்ற அமைப்பாக வளர்ந்தது. நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், மறுபடியும் அதே கதவைத் தட்டியதில்தான் இருக்கிறது அவர்களுடைய வெற்றி.

இப்போது சட்டமும் துணைக்கு இருக்கிறது. மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்தே கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன. அபிராமபுரம் அடங்கிய தேனாம்பேட்டை மண்டலத்தில் 2020-இல் வந்த புதிய ஒப்பந்தமும், எடையை விட்டுவிட்டு வேலையின் தரத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறியது. மிச்சமிருப்பது வாசல் வரைக்குமான வேலை.

அதில் கஷ்டம் அதிகமில்லை. பால் கவரின் மூலையை முழுக்க வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கத்தரித்தால் அந்தத் துணுக்கு சாக்கடைக்குப் போகாது. கவரை அலசிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு சமையலறையிலிருந்து வருவதுதான்; மொட்டைமாடியில் மூடி போட்ட ஒரு தொட்டி வைத்தால், காய்ந்த சருகோடு சேர்ந்து செடிக்கு உரமாகிவிடும்.

குடியிருப்போர் சங்கங்கள் தெருவுக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக்கி, வாரம் ஒருமுறை கதவைத் தட்டச் சொல்ல வேண்டும். பிரித்துக் கொடுத்த குப்பை வண்டியில் மறுபடி ஒன்றாகக் கொட்டப்படுகிறதா என்றும் அவர்கள் பார்க்கட்டும். கொட்டினால் அன்றைக்கே மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் போகட்டும்.