சோமனூர் தறிகளும் கூலி ஒப்பந்தமும்

2025-ம் வருஷம் மார்ச்சு மாதம் 19-ந் தேதி கோயமுத்தூர், திருப்பூர் ஜில்லாக்களில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிகள் நின்றன. இரவும் பகலும் தறிச் சத்தம் ஓயாத சோமனூரில் ஒரு மாதத்துக்கும் மேலாக நிசப்தம் நிலவிற்று. ஏப்ரல் மாதத்தில் நெசவாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதன் பிறகே, 20-ந் தேதி, ஸர்க்கார் தரப்பார் முன்னின்று நடத்திய சமரசப் பேச்சில், சோமனூர் ரகத்துக்கு நூற்றுக்கு 15-ம், பல்லடம் முதலிய பகுதிகளின் ரகங்களுக்கு நூற்றுக்கு 10-ம் கூலியை உயர்த்துவதென்று முடிவாயிற்று. உண்ணாவிரதம் முடிந்தது, தறிகள் ஓடின, நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அந்த மகிழ்ச்சியில் ஒரு கேள்வியை மறந்துவிடலாகாது. ஒப்பந்தத்தை ஒரு தரப்பார் மீறினால் நெசவாளர் யாரிடம் போய் முறையிடுவது?

இத்தொழிலின் அமைப்பை அறியாதவர்களுக்குச் சிறிது விளக்குவது அவசியம். ஜவுளி உற்பத்தியாளர் நூலை வாங்கிப் பாவு ஓட்டித் தறிக்காரரிடம் கொடுக்கிறார். ஊடைக்கு வேண்டிய நூலையும் கொடுக்கிறார். தறிக்காரர் அதை நெய்து துணியாகத் திருப்பித் தந்து கூலி பெறுகிறார். நூலும் அவருடையதன்று, துணியும் அவருடையதன்று. கட்டிடம், தறி, அதன்மேல் வாங்கிய கடன், மின்சாரக் கட்டணம், உதிரிச் சாமான், ஆட்களின் சம்பளம் ஆகிய இவ்வளவும் அவர் தலையில். மானம் பார்த்த பூமியில் கிணறு வற்றிய பின் தோட்டத்துச் சாளையிலேயே தறிக்குடோன் போட்ட குடியானவர்கள் இவர்களில் பலர். பெயரளவில் இவர் முதலாளி, வருமானத்தில் கூலிக்காரர். இந்த இரண்டுங்கெட்டான் நிலைமைதான் இவருடைய கஷ்டங்கள் அனைத்துக்கும் மூலகாரணம் என்பது நமது அபிப்பிராயம்.

ஒப்பந்தங்களின் சரித்திரத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். 2014-ல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படியான கூலி நெடுநாள் நிலைக்கவில்லை என்பது நெசவாளர்களின் குறை. பல வருஷப் போராட்டத்துக்குப் பின், 2021 நவம்பரில், சோமனூர் ரகத்துக்கு நூற்றுக்கு 23, மற்றவற்றுக்கு 20 என்று உயர்வு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வெளியாயிற்றே தவிர, உயர்வு கைக்கு வரவில்லை. 2022 ஜனவரி 9-ந் தேதி மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பிப்ரவரியில் தறிகள் ஓடியபோது 23 என்பது 19 ஆகவும், 20 என்பது 15 ஆகவும் குறைந்திருந்தன. ஸர்க்கார் முன்னிலையில் ஒப்புக்கொண்ட தொகையைப் பெறுவதற்காக ஒரு மாதம் பட்டினி கிடந்து, கடைசியில் அதைவிடக் குறைந்த தொகைக்குச் சம்மதிக்க நேர்ந்தது. இதைக் காட்டிலும் விபரீதமான பேரம் உண்டோ? 2025-ம் வருஷப் போராட்டத்தில் கூலி உயர்வோடு சட்டப் பாதுகாப்பும் வேண்டும் என்று நெசவாளர்கள் வற்புறுத்தியது இந்த அனுபவத்தினால்தான்.

சட்டத்தில் உள்ள குறை என்ன? ஆலைத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் ஏற்படும் ஒப்பந்தத்தை மீறுவது 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் முதலாளி, தொழிலாளி என்ற இரு தரப்பாரையே கருதுகிறது. தன் சொந்தத் தறியில் கூலிக்கு நெய்பவர் இவ்விரண்டில் ஒருவராகவும் சட்டத்தின் கண்ணுக்குத் தென்படுவதில்லை. ஆகவே கலெக்டர் முன்னிலையில் எழுதப்பட்ட ஒப்பந்தமும் இவருக்குப் பெரியோர் சொல்லிய புத்திமதி போலவே முடிகிறது. கேட்பவர் கேட்கலாம், கேளாதவரைக் கேட்பாரில்லை.

இதற்கு நிவாரணம் தேட அயல்நாடு போக வேண்டியதில்லை. நம் கரும்பு விவசாயியைப் பாருங்கள். அவரும் ஆலையின் தொழிலாளி அல்லர். தம் நிலத்தில் தாமே பயிரிடுபவர். அப்படியிருந்தும் 1966-ம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி மத்திய ஸர்க்கார் கரும்புக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கிறது. சரக்கு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தவறினால் வருஷத்துக்கு நூற்றுக்கு 15 வட்டி சேர்த்துத் தர வேண்டும். சட்டம் இருந்தும் பாக்கி வைக்கும் ஆலைகள் உண்டென்பதை நாம் அறிவோம். ஆனால் கரும்பு விவசாயி கேட்பது உரிமை; சோமனூர் நெசவாளர் கேட்பது தயவு. வயலில் விளைந்ததற்குச் செய்த நியாயத்தைத் தறியில் விளைந்ததற்கு ஏன் செய்யலாகாது?

உற்பத்தியாளர்களின் கட்சியையும் ஆராய்வது கடமை. நூல் விலை அவர்கள் கையில் இல்லை. 2022 மே மாதத்தில் பஞ்சு ஒரு கண்டி லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. மகாராஷ்டிரத்துப் பிவண்டியும் இச்சல்கரஞ்சியும் சந்தையில் போட்டியாக நிற்கின்றன. கூலி ஏறினால் வியாபாரம் அங்கே போய்விடும் என்று அவர்கள் அஞ்சுவதில் சாரமில்லாமல் இல்லை. ஆனால் அவர்களுக்கும் நாம் ஒன்று சொல்லுவோம். ஒப்பந்தக் கூலியைக் கண்ணியமாகக் கொடுக்கும் உற்பத்தியாளர் இன்று நஷ்டப்படுவது யாரால்? கொடுக்காமல் விலையைக் குறைத்து விற்கும் பக்கத்து உற்பத்தியாளரால்தானே! சட்டம் எல்லோரையும் சமமாகக் கட்டினால் முதலில் பாதுகாக்கப்படுபவர் யோக்கியமான வியாபாரியே. தவிர, பல வாரம் தறி நிற்பதால் உற்பத்தியாளர் இழப்பதும் கொஞ்சமல்ல.

ஆகவே நமது யோசனை இது. உற்பத்தியாளர், கூலித் தறிக்காரர், ஸர்க்கார் ஆகிய முத்தரப்பாரும் அடங்கிய ஒரு கூலி வாரியத்தை ராஜ்ய ஸர்க்கார் சட்டத்தின் மூலம் அமைக்க வேண்டும். சோமனூர் ஒரு ஜில்லாவிலும் பல்லடமும் அவிநாசியும் மற்றொரு ஜில்லாவிலுமாக 2009 முதல் பிரிந்திருப்பதால், அவ்வாரியம் இரு ஜில்லாக்களுக்கும் பொதுவாக இருப்பது அவசியம். மின்சாரக் கட்டணம், உதிரிச் சாமான் விலை, ஆள் சம்பளம் இவற்றைக் கணக்கிட்டுக் குறித்த காலத்துக்கு ஒருமுறை கூலியை அது திருத்த வேண்டும். ஒவ்வொரு பாவுடனும் ரகமும் கூலியும் எழுதிய சீட்டு வர வேண்டும். குறைத்துக் கொடுத்த தொகையை நிலவரிப் பாக்கி போல் வசூலிக்க அதிகாரம் இருக்க வேண்டும். 2023-ல் விசைத்தறிகளுக்கான இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக ஸர்க்கார் உயர்த்தியது நன்றிக்குரியதே. ஆனால் கூலிக்குக் காவல் இல்லாத இடத்தில், ஸர்க்கார் ஒரு கையால் கொடுக்கும் சலுகை பேரத்தில் மறு கைக்குப் போய்விடும்.

நெசவாளர்களுக்கும் ஒரு வார்த்தை. தறி ஓட்டும் ஆட்கள் அவர்களை நம்பி வாழ்கிறார்கள். வேலைநிறுத்தத்தில் முதலில் அடுப்பணைவது அந்த ஆட்களின் வீட்டிலேதான். மேலே நியாயம் கேட்பவர், கிடைத்த உயர்வில் கீழே உள்ளவருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். மேலும், என்றென்றும் பிறர் நூலையே நெய்துகொண்டிருப்பது சுதந்திரமாகாது. கூட்டுறவு முறையில் தாங்களே நூல் வாங்கி, சிறிதளவேனும் சொந்தத் துணி விற்கத் துணிவார்களாயின் அவர்கள் பேச்சுக்குச் சந்தையில் தனி மதிப்பு ஏற்படும்.

கோயமுத்தூர் கல்லூரிகளுக்குப் பேர்போன நகரம். நெசவு சாஸ்திரத்தைப் பட்டப்படிப்பாகப் போதிக்கும் கல்லூரிகள் அங்கே உண்டு. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் 1956-ல் அங்கேதான் தோன்றியது. இரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் உள்ள சோமனூர்த் தறிக்காரரோ, “இந்தத் தொழில் என்னோடு போகட்டும்” என்று சொல்லித் தம் மகனை வேறு படிப்புக்கு அனுப்புகிறார். அவர்மேல் குற்றமில்லை. எழுதிய கூலி கைக்கு வராத தொழிலை எந்தத் தகப்பன் மகனுக்கு விட்டுச் செல்வான்?

1932 ஜனவரியில் கொடியைக் கைவிடாமல் உயிர் நீத்த குமரனின் திருப்பூர் சோமனூருக்கு அண்டை ஊர். துணியை வைத்தே இத்தேசம் தன் மானத்தைக் கற்றது. அந்தத் துணியை நெய்பவர், தமக்கு எழுதிக் கொடுத்த கூலிக்காகச் சில வருஷத்துக்கு ஒருமுறை பட்டினி கிடக்க வேண்டுமென்பது சுதந்திர நாட்டுக்கு அழகன்று. அடுத்த வேலைநிறுத்தம் வரும்வரை காத்திராமல், தறிகள் ஓடும்போதே ஸர்க்கார் இச்சட்டத்தை இயற்ற வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.